குளோரின் போட்டால் தண்ணீர் புளிக்குமா? சேலத்து போர் தண்ணீருக்கும் ஏற்காட்டு ஊற்று நீருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"ப்ளீச்சிங் பவுடர் போட்டா தண்ணி ஆசிட் ஆயிடுமாங்க?"

கன்னங்குறிச்சியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் தொட்டி கழுவினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பல வருஷமாகத் தண்ணீர் சோதித்து வருகிறேன். இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வராது. ஒரு குளோரின் தண்ணீரை அமிலப் பக்கம் இழுக்கும், இன்னொன்று காரப் பக்கம் தள்ளும். இரண்டும் ஒரு தண்ணீரில் பெரிதாகத் தெரியும், இன்னொரு தண்ணீரில் தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். வீட்டுக் கொல்லையில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் சப்பத் தண்ணீர், அதாவது உப்புகள் கரைந்த கடின நீர். பேருந்து ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால், ஏற்காடு மலை மேல் நாகலூரில் என் அக்கா வீட்டுக்கு வருவது பஞ்சு போன்ற ஊற்று நீர். ஒரே ப்ளீச்சிங் பவுடர் இந்த இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கீழே எழுதியிருப்பது வீட்டுத் தொட்டி, சிறிய விடுதி, பள்ளிக்கூடத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. சமையலறைத் தராசு ஒன்றும், 2 சோதனைப் பெட்டிகளும், பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: கையில் இருப்பது எந்த குளோரின்?

கடையில் "குளோரின் குடுங்க" என்று கேட்டால் 4 வெவ்வேறு பொருட்களில் எதுவும் கைக்கு வரலாம். அங்கேயே பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

பெரிய குடிநீர் நிலையங்களில் உருளையில் வருவது சுத்தமான குளோரின் வாயு. அது தண்ணீரில் கரைந்த நொடியே இரண்டு அமிலங்களாகிறது. ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழிவறை கழுவும் ஆசிட்டில் இருக்கும் அதே அமிலம். மற்றது ஹைப்போகுளோரஸ் அமிலம். இது மென்மையான அமிலம்தான், ஆனால் கிருமியைக் கொல்வது இதுவே. ஆக, வாயு போட்டால் தண்ணீர் அமிலப் பக்கம் நகரும், சந்தேகமே இல்லை. 1 மில்லிகிராம் குளோரின் வாயு, தண்ணீரில் உள்ள காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் பலத்தில், சுமார் 1.4 மில்லிகிராமைச் சாப்பிட்டுவிடும். இந்த 1.4 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ப்ளீச்சிங் பவுடர் இதற்கு நேரெதிர். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்திச் செய்வது அது. சார்லஸ் டென்னன்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1799-ல் காப்புரிமை பெற்ற முறை. சுண்ணாம்பு முழுவதும் மாறிவிடாது, கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காய வையுங்கள். அதன் மேல் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்த்து மென்றவர் வாய் போல அந்த இடம் முதலில் சிவக்கும். அது காரம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். அது குளோரின். ஒரே சொட்டு இரண்டு வேலையையும் கண்ணெதிரே காட்டிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கேனில் விற்கும் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். இதில் சுண்ணாம்பின் இடத்தில் காஸ்டிக் சோடா. குளோரின் சிதையாமல் நிற்பதற்காகவே காஸ்டிக்கைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைப்பார்கள், அதனால் அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடு, அதற்கு மேலே காரம்) 11-லிருந்து 13 வரை இருக்கும். இதுவும் காரப் பக்கம்தான்.

நான்காவது மாத்திரை. கவனம் மிக அதிகம் தேவைப்படுவது இங்கேதான், ஏனென்றால் மாத்திரையில் இரண்டு சாதி உண்டு. குடிநீருக்கென்று வரும் சோடியம் டைகுளோரோ ஐசோசயனுரேட் மாத்திரை ஏறக்குறைய நடுநிலை, தண்ணீரைப் பெரிதாக அசைக்காது. நீச்சல் குளத்துக்கு விற்கும் பெரிய வெள்ளை வில்லை டிரைகுளோரோ ஐசோசயனுரிக் அமிலம். பெயரிலேயே அமிலம் இருக்கிறது. 100-க்கு 1 பங்கு கரைத்தால் பிஎச் 3-ஐ ஒட்டி வந்துவிடும். "குளோரின் மாத்திரைதானே" என்று இதை வாங்கிக் குடிநீர்த் தொட்டியில் போடுகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

பொட்டலத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் வேதிப்பெயர் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். பெயரே போடாத பொட்டலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாம் படி: போடுவதற்கு முன் தண்ணீரைத் தெரிந்துகொள்வது

தண்ணீர் அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று பிஎச், இன்னொன்று மொத்தக் காரத்தன்மை. இரண்டும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை, தமிழில் பெயர் அப்படி அமைந்துவிட்டது.

பிஎச் என்பது தண்ணீர் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்பது. 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். இந்தியக் குடிநீர்த் தரம் 6.5-லிருந்து 8.5 வரை அனுமதிக்கிறது. மொத்தக் காரத்தன்மை என்பது வேறு. அமிலம் வந்து மோதினால் எவ்வளவு தாங்கும் என்கிற பலம் அது. பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது. வீட்டுக் கணக்கில் சொன்னால், பிஎச் இன்றைக்குக் கையில் உள்ள பணம், காரத்தன்மை பெட்டியில் உள்ள சேமிப்பு. குளோரின் வாயுவோ அமில மாத்திரையோ செலவு வைக்கும்போது சேமிப்பு இருக்கிற வீடு அசையாது.

சேலத்தின் போர் தண்ணீருக்குச் சேமிப்பு தாராளம். ஆழத்துப் பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிய நீர் அது, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட்டை வெட்டி எடுக்கிற ஊர் இது. இங்கே தண்ணீரில் மக்னீசியம் இருப்பதில் ஆச்சரியம் என்ன? பருப்பு வேக மறுப்பதும், சோப்பு நுரைக்காததும், ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் பொருக்கு ஏறுவதும் இதனால்தான். காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வந்தாலும் நான் அதிசயப்பட மாட்டேன்.

மலை மேல் கதை வேறு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கடினப் பாறை எளிதில் கரைவதில்லை, அதன் மேலிருக்கும் செம்மண்ணிலும் சுண்ணாம்பு குறைவு. காப்பித் தோட்டத்து இலைச்சருகு வழியே இறங்கும் மழைநீர் அங்கே கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது, உப்புகளை வாங்குவதில்லை. ஆகவே ஊற்று நீர் ருசியாக இருக்கும், பிஎச் 6 சொச்சம் காட்டும். காரத்தன்மை 15, 20 என்று நிற்கும். பெட்டியில் சில்லறைக் காசு மட்டும்.

இப்போது அந்த 1.4-ஐக் கொண்டுவாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வாயு போட்டால் செலவு 2.8. சேலத்து 300-ல் இது 100-க்கு 1 பங்கு கூட இல்லை, பிஎச் மீட்டர் கண் சிமிட்டாது. அக்கா வீட்டு 15-ல் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்கு. தண்ணீர் கலங்கிப்போய் 5 மில்லிகிராம் தேவைப்பட்டால் பாதிச் சேமிப்பு காலி.

அளப்பது எப்படி என்பதற்கும் வருகிறேன். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெட்டியே வீட்டுக்குப் போதும். மீட்டர் வாங்கினால், பிஎச் 4, 7, 9.2 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். மலை நீர் போன்ற மெல்லிய நீரில் மீட்டர் நிலைக்கு வரச் சில நிமிஷம் எடுக்கும், முள் ஓடுகிறதே என்று அவசரப்படக் கூடாது. தண்ணீரைப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி, உடனே அளந்துவிடுங்கள். மூடாமல் வைத்தால் கரியமில வாயு பறந்துபோய் பிஎச் தானாக ஏறும். முழு அறிக்கை வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். வருஷத்துக்கு 2 முறை, கோடையில் ஒன்று, ஐப்பசி மழை முடிந்து ஒன்று என்று சோதித்தால் உங்கள் தண்ணீரின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: எதிர்த்திசைக் கேள்வி

குளோரின் பிஎச்சை என்ன செய்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிஎச் குளோரினை என்ன செய்கிறது என்று கேட்பவர் அரிது. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதில்தான் வயிற்றுப்போக்கும் காமாலையும் தடுக்கப்படுகின்றன.

தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று முன்னால் சொன்ன ஹைப்போகுளோரஸ் அமிலம், கிருமியின் தோலுக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. மின்னேற்றம் உள்ளதால் அது உள்ளே நுழையத் தடுமாறும், கொல்லும் வேகமும் மிகக் குறைவு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 6.5-ல் 10-க்கு 9 பங்கு வீரியமான வேஷம். 7-ல் 4-ல் 3 பங்கு. 7.5-ல் பாதிக்குப் பாதி. 8-ல் 4-ல் ஒரு பங்கு. 8.5-ல் 10-க்கு 1 பங்கு மட்டும்.

குளோரின் சோதனைப் பெட்டி இந்த வித்தியாசத்தைக் காட்டாது. இரண்டு வேஷத்தையும் சேர்த்து "0.5 இருக்கிறது" என்று ஒரே நிறத்தைத்தான் காட்டும். அந்த 0.5 மலை நீரில் முழு வேகத்தில் வேலை செய்யும், சேலத்துக் கடின நீரில் சோம்பி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் பிஎச் 8-க்குக் கீழே, குறைந்தது 30 நிமிஷம், மீதமுள்ள குளோரின் (அழுக்கோடு வேலை செய்தது போகத் தண்ணீரில் மிஞ்சுவது) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டைப் பின்பற்றுவது பாதி மருந்து சாப்பிடுவது போலத்தான்.

நான்காம் படி: அளவு போடுவது

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புதிதாகப் பிரித்த நல்ல பவுடரில் 100-க்கு 30 பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். ஈரம் பட்டு, வெயில் பட்டு, மூட்டை திறந்தே கிடந்தால் அது மாதா மாதம் குறையும், சுண்ணாம்பு மட்டும் குறையாது. பழைய பவுடரில் குளோரின் போதவில்லை என்று கூடுதலாகப் போடப்போட, தொட்டிக்குள் போவது சுண்ணாம்புதான். பிஎச் ஏறும், குளோரின் வீரியம் இறங்கும். இரட்டை நஷ்டம்.

33 கிராம் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் பசை போலக் குழைத்து, பிறகு பிளாஸ்டிக் பாத்திரத்தில் 1 லிட்டர் ஆக்குங்கள். ஒரு மணி நேரம் தெளிய விடுங்கள். அடியில் விரல் கனத்துக்கு வெள்ளை வண்டல் படியும், தொட்டுப் பார்த்தால் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு போலவே நறநறவென்று இருக்கும். அது கீழேயே கிடக்கட்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். பவுடரின் காரத்தில் பெரும் பங்கை இந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு வெளியே நிறுத்திவிடும்.

இந்தத் தெளிவில் 1 மில்லிக்குச் சுமார் 10 மில்லிகிராம் குளோரின். 1000 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் விட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். தொட்டி பாதி நிறைந்த பிறகு ஊற்றுங்கள், மீதித் தண்ணீர் விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். அரை மணி கழித்து மீதியைச் சோதியுங்கள். 0.5-க்கும் 1-க்கும் இடையே இருந்தால் அளவு சரி. ஒன்றும் இல்லை என்றால் தண்ணீரில் இருந்த பாசியும் இரும்பும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிட்டன என்று அர்த்தம். தொட்டியைக் கழுவுவதுதான் முதல் வைத்தியம், அளவைக் கூட்டுவது அதன் பிறகுதான்.

மழைக்காலத்தில் கலங்கலாக வரும் தண்ணீருக்குப் படிகாரம் போடுகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். படிகாரமும் அமிலப் பக்கம்தான். 10 மில்லிகிராம் படிகாரம் சுமார் 5 மில்லிகிராம் காரத்தன்மையை எடுத்துக்கொள்ளும். காவிரித் தண்ணீர் இதைத் தாங்கும், மலை நீர் தாங்காது. மேலே இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கலங்கலைத் தெளிய வைத்து, மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டு குளோரின் போடுங்கள் என்பதே. பாட்டி காலத்துத் தேற்றாங்கொட்டையும் தெளியவைக்கும், படிகாரம் போலக் காரத்தன்மையைத் தின்னாது. ஆனால் கொட்டையை உரைத்த சத்து தண்ணீரில் தங்கினால் அது குளோரினைத் தின்னும். தெளிந்த மேல்நீரை மட்டும் வடித்தெடுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று குடம் சோதனை

உங்கள் தண்ணீரில் குளோரின் உண்மையில் என்ன செய்கிறது என்பதை நான் சொல்லி நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரே நேரத்தில் பிடித்த தண்ணீரை 3 பிளாஸ்டிக் குடங்களில் 10 லிட்டர் வீதம் நிரப்புங்கள். முதல் குடத்தில் எதுவும் போடாதீர்கள். இரண்டாவதில் 2 மில்லி தெளிவு. மூன்றாவதில் வேண்டுமென்றே 20 மில்லி, அதாவது 10 மடங்கு. இந்தக் குடத்தைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, சோதனை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். உடனே, அரை மணியில், மறுநாள் காலையில் என்று 3 தடவை பிஎச் எடுங்கள்.

சும்மா இருக்கும் முதல் குடம்தான் இதில் உயிர். அக்கா வீட்டில் இதைச் செய்தபோது எதுவும் போடாத குடமே மறுநாள் 6.3-லிருந்து 6.8-க்கு ஏறியிருந்தது. கரியமில வாயு வெளியேறியதால் வந்த ஏற்றம் அது. முதல் குடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பழியை ப்ளீச்சிங் பவுடர் தலையில் போட்டிருப்போம். இரண்டாவது குடம் முதல் குடத்தின் கூடவே நடந்தது, வித்தியாசம் 0.1, 0.2 அளவில்தான். மூன்றாவது குடம் 8-ஐத் தாண்டிவிட்டது. அதே மூன்றாவது அளவை எங்கள் போர் தண்ணீரில் போட்டபோது பிஎச்சில் பேசும்படியான மாற்றமே இல்லை. சரியான அளவு இரண்டு ஊரிலும் பத்திரம், அளவு தப்பினால் முதலில் தடுமாறுவது மலை நீர்.

இன்னொரு விஷயமும் இதில் தெரியும். ப்ளீச்சிங் பவுடரோ கேன் திரவமோ போட்டவுடன் ஏறும் பிஎச் அப்படியே நிற்பதில்லை. குளோரின் அழுக்கோடு வேலை செய்து தீரும்போதும், வெயில் பட்டுச் சிதையும்போதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. முதலில் ஏறியதில் ஒரு பங்கை அது பின்னால் திருப்பி எடுத்துக்கொள்ளும். கடைசியில் மிச்சமாக நிற்கும் ஏற்றம், கூடவே வந்த சுண்ணாம்பால் அல்லது காஸ்டிக்கால் வந்தது. திறந்த தொட்டியில் காலையில் ஒரு எண்ணும் மாலையில் ஒரு எண்ணும் வந்தால் மீட்டர் கெட்டுப்போயிற்று என்று நினைக்காதீர்கள்.

நிறம் பார்த்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளோரின் சாயத்தை வெளுக்கும், சோதனைச் சாயமும் சாயம்தான். செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்த சாறு அமிலத்தில் சிவப்பாகும், காரத்தில் பச்சை தட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அதில் ப்ளீச்சிங் தெளிவை விட்டால் பச்சையும் வராது சிவப்பும் வராது, கழுவிய அரிசித் தண்ணீர் போல வெளிறிவிடும். கடைப்பெட்டியில் உள்ள பீனால் ரெட் என்ற பிஎச் சாயமும் மூன்றாவது குடம் போன்ற பலமான குளோரினில் பொய் நிறம் காட்டும். அதில் மீட்டர் வைத்து அளப்பதே நல்லது. மீட்டர் இல்லாவிட்டால், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன சோடியம் தயோசல்பேட்டில் ஒரு சிறு துணுக்கைப் போட்டுக் குளோரினைத் தீர்த்துவிட்டு நிறம் பாருங்கள். மலை நீரில் அந்தத் துணுக்கால்கூட பிஎச் கொஞ்சம் நகரும் என்பதை மனதில் வையுங்கள்.

ஆறாம் படி: தண்ணீருக்கு ஏற்ற திருத்தம்

சேலத்தில் இருப்பவர்களுக்கு முதலில். உங்கள் தண்ணீர் பிஎச் 8, 8.2 என்று இருந்தால் அதைக் குறைக்கிறேன் என்று வீட்டில் அமிலம் ஊற்ற வேண்டாம். எலுமிச்சம்பழமும் வேண்டாம், அந்தச் சாறு குளோரினைத் தின்றுவிடும். நேரத்தைக் கூட்டுங்கள். 30 நிமிஷத்துக்குப் பதில் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கிறேன். இரவு தொட்டி நிரப்பிக் குளோரின் விட்டால் காலையில் பயன்படுத்தலாம், இதில் எந்தச் சிரமமும் இல்லை. மார்கழி, தைக் குளிரில் எந்த வேதிவினையும் மெதுவாகும் என்பதால் மலையில் இருப்பவர்களும் அந்த மாதங்களில் இதையே செய்யலாம்.

மலைக்காரர்களுக்கு வேலை வேறு. நீங்கள் சேமிப்பைக் கூட்ட வேண்டும். மிகச் சுலபமான வழி ஆப்ப சோடா. 1000 லிட்டரில் 17 கிராம் கரைத்தால் காரத்தன்மை லிட்டருக்கு 10 மில்லிகிராம் கூடும். ருசி மாறாது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டித்திருக்கும் வீட்டில் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சோடாவிலும் சோடியம் இருக்கிறது. நிரந்தர வழி வேண்டும் என்றால், நன்றாகக் கழுவிய சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரம்பிய பிளாஸ்டிக் பீப்பாய் வழியே தண்ணீரை விட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். நல்ல கல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை, சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அமில நீர் கல்லைத் தனக்கு வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள்ளும், போதுமானதும் நின்றுவிடும். அளவு தப்புமோ என்ற பயமே இல்லாத இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். கரைந்த கல்லுக்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு முறை ஜல்லி சேர்த்தால் போதும்.

அந்த விடுதியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். மலை மேல் ஒரு தங்கும் விடுதி. தொட்டி பார்க்கும் தம்பி என்னைக் கூப்பிட்டார்: "அக்கா, குழாயில செவப்பாத் தண்ணி வருது, குளிச்சவங்க கண்ணு எரியுதுங்கறாங்க." போய்ப் பார்த்தேன். முகம் கழுவும் வெள்ளைத் தொட்டியில், குழாய் சொட்டும் இடத்திலிருந்து வடிகால் வரை, மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அமில நீர் வெந்நீர்ச் சாதனத்தின் செம்பை அரித்துக் கொண்டுவந்து அங்கே படிய வைத்திருக்கிறது. சிவப்பு, இரும்புக் குழாயின் துரு. மாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடையில் 3 நீச்சல் குள வில்லைகள் மிதந்துகொண்டிருந்தன. பிஎச் 5.1. காரத்தன்மைக்குச் சொட்டு மருந்து விட்டால் இரண்டாவது சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது சேமிப்பு சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

"நான் என்ன பண்றதுங்க அக்கா, கடையில இதுதான் நல்லாக் கரையாம நாள்பட வரும்னு குடுத்தாங்க" என்றார் தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள்பட வருவதுதான் அங்கே பிரச்சினையே. ஆள் தங்காத வாரநாட்களில் தண்ணீர் செலவாகவில்லை, வில்லை மட்டும் இடைவிடாமல் கரைந்துகொண்டிருந்தது. வில்லைகளை எடுத்தோம். தொட்டியை 2 முறை காலி செய்து நிரப்பி, தெளிவுக் கரைசலுக்கு மாறி, சுண்ணாம்புக்கல் பீப்பாயும் வைத்தோம். 10 நாளில் பிஎச் 7.2-க்கு வந்து நின்றது.

பிஎச் 6 உள்ள தண்ணீரைக் குடித்தால் வயிறு புண்ணாகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 சொச்சம், தயிரும் ரசமும் 4 சொச்சம். வயிறு அதைவிடக் கடுமையான அமிலத்தைத் தானே சுரக்கிறது. தண்ணீரின் லேசான அமிலம் உங்களைத் தொடுவதற்கு முன் குழாயைத் தொடும். குழாயிலிருந்து என்ன கரைந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏழாம் படி: செய்யவே கூடாதவை

ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போடாதீர்கள். பண்டிகைக்குக் குளியலறை கழுவும்போது, கறை போகவில்லையே என்று பவுடர் தூவிய தரையில் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அமிலம் கூடக்கூட, தண்ணீரில் கரைந்திருந்த குளோரின் மறுபடி வாயுவாகி வெளியே வரும். இந்த வழிகாட்டி முழுக்க நாம் பேசிய அதே வேதிவினை பின்னோக்கி ஓடுகிறது. முதல் உலகப் போரில் 1915-ல் இப்ரே போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். மூடிய குளியலறையில் 2 மூச்சு போதும், நுரையீரல் பாதிக்கும். அப்படி நடந்துவிட்டால் கழுவிவிட முயலாமல் உடனே வெளியே வந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு, மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

நீச்சல் குள வில்லையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், ஒரே கரண்டியால் அள்ளவும் வேண்டாம். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும், ஆனால் ஒன்று அமிலம், மற்றது காரம். ஈரத்தோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும், வெடிக்கவும் கூடும்.

கரைசல் கலக்கும்போது தண்ணீரில் பவுடர் போகட்டும், திறந்த இடத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று கலக்குங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. கொலுசும் மோதிரமும் கழற்றிவிடுங்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது, குளோரின் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடு ஆகும், வெளிச்சம் பட்டதும் அது கறுக்கும்.

எட்டாம் படி: நோட்டில் எழுதுவது

ஒரு பழைய நோட்டுப் போதும். தேதி, மழை பெய்ததா, குளோரின் போடும் முன் பிஎச், போட்ட அளவு, ஒரு மணி கழித்து பிஎச், மீதிக் குளோரின். காரத்தன்மையை மாதம் ஒரு முறை எழுதினால் போதும். அளவை எடுக்க வேண்டிய இடம் தொட்டிக்கு அருகில் உள்ள குழாய் கிடையாது, வீட்டின் கடைக்கோடியில் இருக்கும் குழாய். காலையில் யாரும் திறப்பதற்கு முன், முதலில் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அங்கே பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவே இருந்து, மீதிக் குளோரின் 0.2-க்குக் குறையாமல் இருந்து, டம்ளருக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்கும்போது சிவப்போ நீலமோ தட்டாமல் இருந்தால், அன்றைய அளவையே நாளைக்கும் போடுங்கள்.